ஒரு கண்ணு சின்னதா தெரியுதா? இமைகளைச் சரிசெய்யும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கடப்பிதழுக்குப் படம் எடுத்துப் பார்த்தால் ஒரு கண் நன்றாகத் திறந்திருக்கிறது, இன்னொன்று பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. ஸூம் சந்திப்பில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது இன்னும் உறுத்துகிறது. தீபாவளி உபசரிப்பில் அத்தை ஒருவர் வேறு, "என்னம்மா, ஒரு கண்ணு சின்னதா இருக்கே, சரியா தூங்கலையா?" என்று கேட்டுவிடுகிறார். அன்று இரவு கைப்பேசியில் லேசாகத் தேடினால் போதும். மறுநாளிலிருந்து 'இரட்டை இமை' விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இமைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. கண் மையிலிருந்து அறுவை சிகிச்சை வரை பல. ஆனால் எந்த வழி என்று யோசிக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இந்த வித்தியாசம் எப்போதிலிருந்து இருக்கிறது? பிரச்சினை உண்மையில் எந்தக் கண்ணில் இருக்கிறது?

பதில் தெரியாமல் பணத்தைக் கட்டினால், நன்றாக இருக்கும் கண்ணை மாற்றிவிடக்கூடும். சில நேரங்களில், உடனே கவனிக்க வேண்டிய ஒரு நோயை அழகுப் பிரச்சினை என்று நினைத்துத் தள்ளிப்போட்டுவிடவும் கூடும்.

முதல்ல இதைப் படிச்சிடுங்க: எப்போது அவசரம்?

இமை சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ திடீரென்று இறங்கியிருந்தால், அதோடு கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அழகு மருந்தகத்துக்குப் போகாதீர்கள். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 995ஐ அழையுங்கள்.

• பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது
• இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, அல்லது கழுத்து வலி
• இரண்டு கண்களின் நடுவிலுள்ள கரும்புள்ளிகள், அதாவது கண்மணிகள், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது
• வாய் ஒரு பக்கம் கோணுவது, கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது
• விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது
• அடிபட்ட பிறகு இமை இறங்குவது
• கண் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வலியும் வருவது

ஏன் இவ்வளவு அவசரம்? இமையைத் தூக்கும் முக்கியத் தசைக்குக் கட்டளை கொண்டுவருவது மூளையிலிருந்து நேராக வரும் ஒரு நரம்பு. மூளைக்குள் ஓர் இரத்தக்குழாய் பலூன்போல் புடைத்து அந்த நரம்பை அழுத்தினால், இமை இறங்கும், கண்மணி பெரிதாகும். அந்தப் புடைப்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கழுத்து வலியோடு இமை லேசாக இறங்கி, அதே பக்கக் கண்மணி சிறிதாகியிருந்தால், கழுத்தில் ஓடும் பெரிய இரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கக்கூடும். இவையெல்லாம் அரிதுதான். இருந்தாலும் நேரம் முக்கியம் என்பதால் இந்தப் பட்டியலை முதலிலேயே தருகிறோம்.

உங்களுக்கு இதில் எதுவும் இல்லையென்றால், நிதானமாக மேலே படிக்கலாம்.

எல்லாருக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டா?

உண்டு. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் முகம் யாருக்கும் கிடையாது. புருவத்தின் உயரம், இமை மடிப்பு, கண்குழியின் எலும்பு, கன்னம் எல்லாவற்றிலும் இடத்துக்கும் வலத்துக்கும் சிறு வேறுபாடு இருக்கும்.

பிறகு ஏன் படத்தில் மட்டும் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? இரண்டு காரணங்கள்.

ஒன்று, பழக்கம். கண்ணாடியில் நீங்கள் தினமும் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். மற்றவர் எடுத்த படத்தில் அது திரும்பிவிடுகிறது. கண்ணாடியில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய சின்னக் கண், படத்தில் இடப்பக்கம் வந்து நிற்கிறது. பழகிப்போன வித்தியாசம் புதிது போலத் தெரிகிறது.

இரண்டாவது, தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கண்ணுக்கும் அதே கதைதான். தலையைச் சற்றுத் திருப்பினால், கேமராவுக்கு அருகில் உள்ள கண் பெரிதாகிவிடும்.

ஆகவே செல்ஃபியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இமை எப்படித் திறக்குது?

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சிகிச்சைகளைப் புரிந்துகொள்வது சுலபம்.

மேல் இமையைத் தூக்குவது 'லெவேட்டர்' என்ற தசை. கண்குழியின் பின்பக்கத்திலிருந்து முன்னே வந்து, மெல்லிய தசைநாராக விரிந்து, இமைக்குள் ஒட்டிக்கொள்கிறது. ஜன்னல் திரையை மேலே இழுக்கும் கயிறுபோல. அதன் அடியில் 'முல்லர்' என்ற இன்னொரு சிறிய தசை இருக்கிறது. அது இமையைக் கூடுதலாக ஓரிரு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கிறது. கண்ணை மூடுவது வேறொரு தசை, அதற்கு வேறொரு நரம்பு.

கண்ணைச் சாதாரணமாகத் திறந்து நேராகப் பார்க்கும்போது, மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேல்பகுதியில் 1 முதல் 2 மில்லிமீட்டரை மறைத்திருக்கும். கண்மணியின் நடுவிலிருந்து இமை விளிம்பு வரை சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். மருத்துவர்கள் இந்த அளவைத்தான் முதலில் எடுப்பார்கள். இரண்டு கண்களுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் வேறுபாடு என்றாலே பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள்.

அப்போ ஒரு கண் ஏன் சின்னதா தெரியுது?

'சின்னக் கண்' என்று நாம் சொல்வதில் குறைந்தது ஐந்து விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

1. மடிப்பில் வித்தியாசம். இமை விளிம்பு இரண்டும் ஒரே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் மடிப்பு உயரமாக, இன்னொரு பக்கம் தாழ்வாக, அல்லது இரட்டைக் கோடாக இருக்கும். கண்ணைத் திறந்ததும் மடிப்புக்குக் கீழே தெரியும் தோலின் அகலம் மாறுவதால் கண்ணின் அளவே மாறியதுபோல் தோன்றும். இது பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பது, ஆபத்து இல்லை.

2. இமை இறக்கம். மருத்துவத்தில் இதற்கு 'டோசிஸ்' என்று பெயர். இமை விளிம்பே தாழ்ந்து, கருவிழியை அதிகம் மறைக்கிறது. பிறவியிலேயே லெவேட்டர் தசை சரியாக வளராமல் இருந்திருக்கலாம். வயதாகும்போது தசைநார் தளர்ந்து விலகலாம். இளையர்களிடம் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு: பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிவது. கெட்டியான லென்ஸில் இது அதிகம், மென்மையான லென்ஸிலும் வரலாம். லென்ஸைக் கழற்ற இமையை இழுப்பதும், அரிப்பு வரும்போதெல்லாம் கண்ணைக் கசக்குவதும் தசைநாரைத் தளர்த்தக்கூடும்.

3. தோலும் புருவமும். இமைத்தோல் தளர்ந்து விளிம்பின்மேல் மடிந்து விழுந்தாலும், ஒரு புருவம் தாழ்ந்திருந்தாலும் கண் சிறிதாகத் தெரியும். இமையின் தசையில் குறை எதுவும் இருக்காது.

4. வீக்கம். கண்கட்டி, இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் கட்டி, ஒவ்வாமை, புதிய ஒப்பனைப் பொருளோ இமை ஒட்டுப் பசையோ ஒத்துக்கொள்ளாமல் போவது. காரணம் போனால் இதுவும் போய்விடும்.

5. நோய். இங்கே இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 'மயஸ்தீனியா கிராவிஸ்'. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய் இது. காலையில் கண் நன்றாகத் திறந்திருக்கும், மாலை ஆக ஆக இமை இறங்கும். சில நாள் ஒரு கண், சில நாள் மறு கண். 'வேலைக் களைப்பு' என்று விட்டுவிட இதைவிட வசதியான அறிகுறி வேறில்லை. இரண்டாவது, தைராய்டு தொடர்பான கண் நோய். அதைப் பற்றி அடுத்த பகுதியில்.

எந்தக் கண்ணில் பிரச்சினை?

இங்கேதான் பலரும் தவறாக முடிவெடுக்கிறார்கள்.

தைராய்டு கண் நோயில் ஒரு பக்க இமை அளவுக்கு மேல் மேலே ஏறிவிடும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். அந்தக் கண்ணை 'பெரிய, அழகான கண்' என்றும், பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கண்ணை 'இறங்கிய கண்' என்றும் நினைத்துக்கொள்வது எளிது. நல்ல கண்ணைத் தூக்கச் சொல்லி மருந்தகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எடை குறைவது, நெஞ்சு படபடப்பது, கை நடுங்குவது, எப்போதும் வியர்ப்பது போன்றவையும் சேர்ந்திருந்தால், முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கண் நோய் இன்னும் மோசமாகும்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. மூளை இரண்டு இமைகளுக்கும் ஒரே அளவு கட்டளையைத்தான் அனுப்புகிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஹெரிங்கின் பெயரால் இது 'ஹெரிங் விதி' எனப்படுகிறது. வலது இமை இறங்கியிருந்தால், அதைத் தூக்க மூளை கூடுதல் கட்டளை அனுப்பும். அந்தக் கூடுதல் இடது இமைக்கும் போய்ச் சேரும். எனவே இடது கண் வழக்கத்தைவிட அகலமாகத் திறந்திருக்கும்.

இப்போது வலது இமையை மட்டும் அறுவை சிகிச்சையில் தூக்கிவிட்டால்? மூளை கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். இதுவரை நன்றாக இருந்ததாகத் தோன்றிய இடது இமை இறங்கிவிடலாம். உண்மையில் அதிலும் கொஞ்சம் தளர்வு இருந்திருக்கும், கூடுதல் கட்டளை அதை மறைத்துவைத்திருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் அதனால்தான் இறங்கிய இமையை விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்து, மறு இமை என்ன செய்கிறது என்று பார்ப்பார். சில நிமிட வேலைதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'ஒரு பக்கம் மட்டும் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தேவையான தகவலைச் சேர்க்கலாம்.

• பழைய படங்களை எடுங்கள். பள்ளிக்கூட வகுப்புப் படம், பழைய அடையாள அட்டை, உறவினர் திருமணப் படம். செல்ஃபி வேண்டாம். பத்து ஆண்டுகளாக இதே வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் அது உங்கள் முகத்தின் இயல்பு. சென்ற ஆண்டு இல்லாதது இந்த ஆண்டு இருந்தால், மருத்துவரைப் பாருங்கள்.

• வேறொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, உங்கள் கண் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். புருவத்தைத் தூக்காமல், சிரிக்காமல், நேராகப் பாருங்கள்.

• அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கண்ணிலும் கருவிழியை இமை எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். விளிம்பு சமமாக இருந்து மடிப்பு மட்டும் மாறியிருந்தால் அது ஒன்றாம் வகை. விளிம்பே மாறியிருந்தால் இமை இறக்கமாக இருக்கலாம். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால், அந்தக் கண்தான் சந்தேகத்துக்குரியது.

• ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் ஒரே இடத்தில் ஒரு படம் எடுங்கள். மாலையில் தொடர்ந்து மோசமாகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டில் குழந்தைக்கு ஒரு இமை இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். இமை கண்மணியை மறைத்தால், அந்தக் கண்ணின் பார்வையை மூளை கற்றுக்கொள்ளாமல் போய்விடும். அதைத்தான் 'சோம்பல் கண்' என்கிறார்கள். பார்வை வளர்வது சின்ன வயதில்தான். பெரியவனானதும் பார்த்துக்கலாம் என்றால், இமையைத் தூக்க முடியும், இழந்த பார்வையைத் திரும்பப் பெறுவது கடினம்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கு?

கத்தி இல்லாத வழிகள்

கண் மை. மடிப்பில் மட்டும் வித்தியாசம் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். அதிகத் தோல் தெரியும் இமையில் மைக்கோட்டைச் சற்றுத் தடிமனாக வரைந்தால், இரண்டு பக்கமும் தெரியும் அகலம் சமமாகும். புருவத்தைத் திருத்தும்போது இரண்டின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

இமை டேப், இமைப் பசை. மருந்துக்கடையிலும் ஒப்பனைக் கடையிலும் கிடைக்கும். ஒருநாள் நிகழ்ச்சிக்குப் பரவாயில்லை. தினமும் பயன்படுத்தினால் தோல் சிவந்து அரிக்கலாம். பிய்த்து எடுக்காமல் ஈரப்படுத்தி மெதுவாக எடுங்கள்.

கண் சொட்டு மருந்து. பெரியவர்களுக்குப் பின்னாளில் வரும் இமை இறக்கத்துக்கு 'ஆக்ஸிமெட்டசோலின்' சொட்டு மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020ல் அங்கீகரித்தது. இது முல்லர் தசையைச் சுருங்கவைத்து, இமையைச் சுமார் 1 மில்லிமீட்டர் தூக்கும். சில மணி நேரம்தான் பலன், நிரந்தரத் தீர்வு இல்லை. ஒரு முக்கிய எச்சரிக்கை: இதே பெயர் கொண்ட மருந்து மூக்கடைப்புக்கான ஸ்பிரேயிலும் இருக்கும். அதைக் கண்ணில் விடவே கூடாது. சொட்டு மருந்து எதுவானாலும் மருத்துவர் எழுதித் தந்த பிறகே.

கண்ணாடியில் ஊன்றுகோல். அறுவை சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கு, மூக்குக்கண்ணாடியின் சட்டத்தில் மெல்லிய கம்பி பொருத்தி இமையைத் தாங்க வைக்கலாம்.

ஊசி வழிகள்

போடாக்ஸ். புருவம் தாழ்ந்திருப்பதால் கண் சிறிதாகத் தெரிந்தால், புருவத்தைக் கீழே இழுக்கும் தசையைத் தளர்த்தி அதை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தலாம். மூன்று, நான்கு மாதம் நிற்கும். இறங்கிய இமையையே இது தூக்காது. மாறாக, மருந்து லெவேட்டர் தசைக்குப் பரவினால் இமை இன்னும் இறங்கும். அது சரியாகப் பல வாரங்கள் ஆகும்.

ஃபில்லர். ஒரு பக்க இமை குழிந்திருந்தால் அதை நிரப்பப் பயன்படுகிறது. மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அரிது, ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. சிங்கப்பூரில் போடாக்ஸும் ஃபில்லரும் மருத்துவர் மட்டுமே செலுத்த வேண்டியவை. அழகு நிலையத்திலோ, தோழி வீட்டுக்கு வருபவரிடமோ போட்டுக்கொள்ள வேண்டாம்.

அறுவை சிகிச்சை

இதில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளம்பரங்களில் எல்லாமே 'கண் சர்ஜரி' என்று ஒன்றாகிவிடுகின்றன.

மடிப்பை அமைப்பது. இதுதான் 'இரட்டை இமை' சிகிச்சை. தோலை வெட்டாமல் உள்ளே தையல் போடும் முறை ஒன்று. வீக்கம் குறைவு, ஆனால் சில ஆண்டுகளில் தையல் தளர்ந்து மடிப்பு மறையலாம். தோலை வெட்டிச் செய்யும் முறை மற்றொன்று. நீடித்து நிற்கும், ஆனால் பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்குவது கடினம்.

தோலைக் குறைப்பது. தொங்கும் தோலையும், தேவைப்பட்டால் கொழுப்பையும் எடுப்பது. இமை இறக்கம் உள்ளவருக்கு இதை மட்டும் செய்தால் கண் பெரிதாகாது.

இமையைத் தூக்குவது. தளர்ந்த லெவேட்டர் தசைநாரை இறுக்கித் தைப்பது, அல்லது இமையின் உட்புறத்திலிருந்து முல்லர் தசையைச் சுருக்குவது. பிறவியிலேயே தசை மிகவும் பலவீனமாக இருந்தால், இமையை நெற்றித் தசையோடு இணைத்து, புருவத்தைத் தூக்கும்போது கண் திறக்கும்படி செய்வார்கள்.

'இரட்டை இமை' நமக்கும் பொருந்துமா?

கிழக்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இமையில் மடிப்பு இருக்காது. அதனால்தான் சிங்கப்பூரில் இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு விளம்பரம். இந்தியர்களில் பெரும்பாலோருக்கு மடிப்பு பிறவியிலேயே இருக்கிறது. ஆகவே விளம்பரத்தில் வரும் சிகிச்சை உங்கள் பிரச்சினைக்கான பதிலாக இல்லாமல் போகலாம். உங்களுக்குத் தேவை ஒரு பக்க மடிப்பை மாற்றுவதா, இமையைத் தூக்குவதா, ஒன்றுமே வேண்டாமா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

சுவையான தகவல் ஒன்று. இரட்டை இமை சிகிச்சையை மருத்துவ இதழில் முதலில் விவரித்தவர் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ, 1896ல். அவர் சிகிச்சை அளித்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, மறு கண்ணில் இல்லை. இரண்டையும் ஒன்றுபோல ஆக்கவே அவர் தையல் போட்டார்.

அறுவை சிகிச்சை பண்ணா என்ன நடக்கும்?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இமை மரத்துப்போக மட்டும் ஊசி போடுவார்கள். இமையைத் தூக்கும் சிகிச்சையில் நீங்கள் விழித்திருப்பது பயன்தரும். நடுவில் கண்ணைத் திறக்கச் சொல்லி, சில சமயம் உட்காரவும் வைத்து, இரண்டு பக்க உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வீக்கமும் கன்றிப்போவதும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். தோலில் போட்ட தையலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பார்கள். இரண்டு பக்க வீக்கமும் ஒரே வேகத்தில் வற்றாது. முதல் சில வாரங்களில் கண்கள் முன்பைவிட அதிக வித்தியாசமாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். அடுத்த மாதம் கல்யாணம் என்றால், இப்போது செய்துகொள்ளாதீர்கள்.

கண் உலர்வது, இமை முழுதாக மூடாமல் போவது, தேவைக்கு மேல் தூக்கிவிடுவது அல்லது போதாமல் போவது, தழும்பு, கிருமித்தொற்று ஆகியவை தெரிந்த ஆபத்துகள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை போவது மிக மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு கடும் வலியோடு கண் வெளியே தள்ளுவதுபோல் இருந்தாலோ பார்வை மங்கினாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நம் தோல் நிறத்தில் வெட்டிய இடம் சில காலம் கறுத்துத் தெரியலாம்.

ஏற்கெனவே லேசிக் செய்திருந்தாலோ, கண் உலர்வு இருந்தாலோ, இரத்தத்தை மெலிதாக்கும் மருந்தோ ஊட்டச்சத்து மாத்திரைகளோ சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இமையைத் தூக்கும் சிகிச்சையில், இரண்டு கண்களுக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தாலே நல்ல பலன் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். இப்போது உங்கள் வித்தியாசமே 1 மில்லிமீட்டர்தான் என்றால், சிகிச்சையால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை திருத்த வேண்டி வருவதும் உண்டு.

சிங்கப்பூரில் யாரிடம் போவது, பணம் எப்படி?

வித்தியாசம் புதிது என்றாலோ, பார்வையை மறைக்கிறது என்றாலோ, குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்குங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் போன்ற பொது மருத்துவ நிலையத்துக்குப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். இமை சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்களும் இமை சிகிச்சை செய்கிறார்கள்.

அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவையோ மெடிஷீல்டு லைஃபையோ பயன்படுத்த முடியாது. தனியார் மருந்தகத்தில் சில ஆயிரம் வெள்ளி கையிலிருந்துதான் போகும். இமை இறங்கிப் பார்வையை மறைக்கிறது என்றால் கதை வேறு. பார்வைப் பரப்புச் சோதனை, படங்கள் போன்ற மருத்துவ ஆதாரங்கள் இருக்க வேண்டும். 'மெடிசேவ்ல போட்டுக்கலாம், நாங்க பாத்துக்கறோம்' என்று அழகு சிகிச்சைக்கு யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பதிவு பெற்றவரா, எந்தத் துறையில் சிறப்பு மருத்துவர் என்று அதில் இருக்கும். 'அழகியல் மருத்துவம்' சிங்கப்பூரில் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சிகிச்சைக்கு முன், பின் என்று படங்கள் போட்டு விளம்பரம் செய்வதற்கும் இங்கே அனுமதி இல்லை. சமூக ஊடகத்தில் அப்படி ஏதாவது பார்த்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஜொகூர், பேங்காக், சோல் என்று வெளியே போய்ச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். தையல் எடுக்க, ஒரு மாதம் கழித்துக் காட்ட, ஏதாவது தவறானால் திருத்த, யாரிடம் போவீர்கள்? பயணச் செலவையும் விடுப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆலோசனையில் கேட்க வேண்டியவை

• என் வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? எத்தனை மில்லிமீட்டர்?
• எந்தக் கண்ணைச் சரிசெய்யப் போகிறீர்கள், ஏன்? இதைச் செய்தால் மறு கண் என்ன ஆகும்?
• தைராய்டு, மயஸ்தீனியா போன்றவை இல்லை என்று எப்படித் தெரியும்?
• இதே சிகிச்சையை எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள்?
• திருத்த வேண்டி வந்தால் மீண்டும் கட்டணம் உண்டா?
• ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு 'ஒன்றும் ஆகாது' என்ற பதில் வந்தால், அது நல்ல செய்தி. முடிவெடுக்க உங்களுக்கு வேண்டிய அளவு நேரம் இருக்கிறது. 'இன்று கட்டினால் தள்ளுபடி' என்ற பேச்சுக்கு அவசரப்பட வேண்டாம்.

பண்ணணுமா, வேண்டாமா?

தெரிந்தே, காரணம் புரிந்தே, அழகுக்காகச் சிகிச்சை செய்துகொள்வது உங்கள் விருப்பம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர் யாரும் கவனிக்காத வித்தியாசத்தை ஒரு நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடியில் பார்க்கிறீர்கள், அதனால் வெளியே போகவே தயங்குகிறீர்கள் என்றால், அறுவை சிகிச்சை அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் தீர்ப்பதில்லை. முதலில் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மற்றபடி, இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். பழைய படங்கள் இரண்டு, ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்த புதுப் படம் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் புதிது என்றால் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். பழையது என்றால், அவசரப்படாமல் யோசித்து முடிவெடுங்கள்.

இது பொதுவான தகவல். உங்கள் கண்ணைப் பரிசோதித்த மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.